கம்பைக் கீழே போடுங்கள். கம்பு மாவை எடுங்கள்!



உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால், ஒரு கேள்வி கேட்கிறேன். கூப்பிட்டால் அது வருமா?

"வருமே! சோற்றுத் தட்டைக் கையில் எடுத்தால் ஓடி வரும்" என்பீர்கள். நான் கேட்பது அதுவன்று. தெருவில் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு ஓடும்போது, எதிரே ஒரு வண்டி வரும்போது, நீங்கள் பெயரைச் சொன்ன உடனே திரும்பி உங்களிடம் வருமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் 'டைகர்' என்ற நாயை வளர்த்து வந்தான். வெளிக்கதவு திறந்திருந்தால் போதும், டைகர் வெளியே பாய்ந்துவிடும். பையன் பின்னாலேயே ஓடுவான், கூப்பிடுவான். சற்று நேரம் கழித்து நாய் தானாகவே திரும்பி வரும். வந்தவுடன், வெளியே போனதற்காக நான்கு அடி விழும். ஒருநாள் அவன் என்னிடம் வந்து, "எவ்வளவு அடித்தாலும் இதற்குப் புத்தி வரவில்லையே, சார்!" என்று முறையிட்டான். நானும் யோசிக்காமல், "கம்பை மாற்றிப் பார், புத்தி வரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அந்தச் சொல்லை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஒரு மாலையில் டைகர் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. வேன் ஒன்று வருவதைக் கண்ட பையன், "டைகர், வா, வா!" என்று கத்தினான். நாய் அவன் குரலைக் கேட்டது. ஆனால் ஓடி வரவில்லை. நடுச்சாலையில் நின்று, காதுகளை மடக்கிக்கொண்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு தயங்கியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அந்தத் தயக்கம் ஒரு வினாடிக்கு மேலேயே நீடித்தது. டைகர் பிழைக்கவில்லை.

நாய் ஏன் தயங்கியது? புத்தி இல்லாததாலா? இல்லை. நாம் கற்றுக்கொடுத்த பாடத்தை அது நன்றாகக் கற்றிருந்தது. அந்தப் பாடம் என்ன என்பதை நாம்தாம் கவனிக்கவில்லை.

நாய் கற்ற பாடம்

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் என்பவர் 1898-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார். பசித்த பூனைகளையும் நாய்களையும் மரப்பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே உள்ள கயிற்றை இழுத்தாலோ மிதியை அழுத்தினாலோ பெட்டி திறக்கும். விலங்குகள் முதலில் எதையெதையோ செய்து, தற்செயலாகத் திறந்துகொண்டு வெளியே வந்தன. மீண்டும் மீண்டும் அடைத்தபோது, திறக்க ஆன நேரம் படிப்படியாகக் குறைந்தது. இதிலிருந்து அவர் கண்ட உண்மையைப் பிற்காலத்தில் 'விளைவு விதி' என்று அழைத்தார்கள். ஒரு செயலை ஒட்டி நன்மை வந்தால் அச்செயல் வலுப்படும். துன்பம் வந்தால் தளரும் என்பதே அதன் சாரம்.

'ஒட்டி' என்ற சொல்லைக் கவனியுங்கள். டைகருக்கு அடி விழுந்தது எதை ஒட்டி? வெளியே ஓடியதை ஒட்டி அன்று. அது நடந்து அரைமணி ஆகிவிட்டது. எசமானன் கூப்பிட்டதும் அவனிடம் வந்ததை ஒட்டித்தான் அடி விழுந்தது. "நீ முன்பு ஓடியதற்காக இப்போது அடிக்கிறேன்" என்ற விளக்கம் மனித மொழியில் உள்ளது. நாய்க்கு அது எட்டாது. ஆகவே 'வா' என்ற சொல்லுக்கு, 'கிட்டே போனால் அடி விழும்' என்று அது பொருள் கொண்டது.

இங்கு இன்னோர் அறிஞரையும் நினைவுகூர வேண்டும். ரஷ்ய நாட்டின் இவான் பாவ்லோவ் செரிமானத்தைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வாயில் படும் முன்பே, அதனுடன் தொடர்ந்து வந்த ஓர் ஒலியைக் கேட்டாலே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் அளந்து காட்டினார். உணவுடன் இணைந்த ஒலி நல்ல செய்தியாகிறது. அடியுடன் இணைந்த ஒலி கெட்ட செய்தியாகிறது. உங்கள் குரல் உங்கள் நாய்க்கு எந்தச் செய்தி? அதை நீங்கள்தாம் தீர்மானிக்கிறீர்கள்.

அடித்தால் என்ன ஆகிறது?

"அடிக்காமல் நாயை அடக்க முடியுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இதற்கு நம் விருப்பு வெறுப்புகளால் விடை சொல்ல வேண்டியதில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். போர்ச்சுகல் நாட்டில் 7 பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில பள்ளிகள் பரிசைக் கொண்டு பழக்கின. மற்றவை தண்டனையையும் சேர்த்துப் பழக்கின. தண்டனையுடன் பழகிய நாய்களிடம் பயிற்சியின்போது அச்சத்தின் அறிகுறிகள் மிகுந்திருந்தன. மன அழுத்தம் ஏற்படும்போது உடலில் கூடும் 'கார்ட்டிசால்' என்னும் பொருள், பயிற்சிக்குப்பின் அவற்றின் உமிழ்நீரில் மிகுந்திருந்தது.

அதே ஆய்வில் ஓர் அழகான சோதனையும் செய்தார்கள். அறையின் ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கும்; மறுபக்கம் வைக்கும் கிண்ணம் எப்போதும் வெறுமையாக இருக்கும். இதை நாய் கற்றுக்கொண்டபின், கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். உணவு இருக்குமா, இருக்காதா? 'இருக்கும்' என்று நம்பும் நாய் விரைந்து ஓடும். நம்பிக்கையற்ற நாய் மெல்ல நடக்கும். தண்டனை மிகுந்த பள்ளிகளின் நாய்கள் மெல்லவே நடந்தன. அடி, பயிற்சி நேரத்தோடு நின்றுவிடவில்லை; உலகத்தைப் பற்றிய அதன் எதிர்பார்ப்பையே மாற்றிவிட்டது.

எனவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நாயைப் பழக்க அடிக்கும் கம்பு தேவையில்லை. தின்னும் கம்பு போதும்! கொஞ்சம் கம்பு மாவு, ஒரு முட்டை, ஒரு கீற்றுப் பரங்கிக்காய். இவற்றைக் கொண்டு, துவரம்பருப்பு அளவில் சிறு பரிசுத் துண்டுகளை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம். ஏன் அவ்வளவு சிறிதாக? ஏன் வீட்டில்? இவற்றுக்குக் காரணம் உண்டு.

பத்து பிஸ்கட்டின் கணக்கு

பலர் நாய்க்குக் கொடுப்பது நாம் தின்னும் பிஸ்கட். ஒரு சிறிய பிஸ்கட்டில் சுமார் 20 கிலோ கலோரி ஆற்றல் இருக்கும். "ஒரு பிஸ்கட்தானே!" என்று நமக்குத் தோன்றும். ஆனால் பயிற்சியில் ஒன்றோடு நிற்காது. பத்து முறை கூப்பிட்டால் பத்து பிஸ்கட். 200 கிலோ கலோரி.

ஒரு விலங்குக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? மாக்ஸ் கிளைபர் என்ற அறிஞர் 1932-இல் இதற்கு ஒரு விதியைக் கண்டார். ஓய்விலிருக்கும் விலங்கு செலவிடும் ஆற்றல் அதன் எடைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. எடையின் முக்கால் அடுக்குக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. உங்கள் எடை 50 கிலோ, உங்கள் நாயின் எடை 10 கிலோ என்று கொள்வோம். எடையில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அதன் ஆற்றல் தேவை உங்களுடையதில் ஐந்தில் ஒரு பங்கு அன்று. ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு. நீங்கள் நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி செலவிட்டால், வளர்ந்த அந்த நாய் சுமார் 600 செலவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 200 என்பது 600-இல் மூன்றில் ஒரு பங்கு. பத்து பிஸ்கட் தின்ற நாய், நீங்கள் ஒரே மூச்சில் 33 பிஸ்கட் தின்றதற்குச் சமமாகத் தின்றிருக்கிறது! வழக்கமான சோறும் அதற்கு மேல். நாய் பருக்காமல் என்ன செய்யும்? இத்தகைய தின்பண்டங்கள் ஒரு நாள் உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. நம் 10 கிலோ நாய்க்கு அது 60 கிலோ கலோரி. அதாவது மூன்றே பிஸ்கட்.

ஆனால் மூன்று முறை கூப்பிட்டு எந்த நாயும் பாடம் கற்றுவிடாது. பயிற்சிக்கு நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது முறையாவது பரிசு தர வேண்டியிருக்கும். அப்படியானால் வழி ஒன்றே: பரிசைச் சிறிதாக்க வேண்டும்.

சிறிதானால் நாய் ஏமாந்துவிடாதா? அதன் மூக்கைக் கேளுங்கள். நம் மூக்கில் மணம் உணரும் செல்கள் 50, 60 லட்சம் இருக்கும். நாயின் மூக்கில் இனத்துக்கு ஏற்ப 10 கோடி முதல் 30 கோடி வரை உண்டு. நாக்கிலோ நிலைமை நேர்மாறு. நமக்குச் சுமார் 9000 சுவை மொட்டுகள். நாய்க்குச் சுமார் 1700. ஆகவே உப்பும் சர்க்கரையும் சேர்த்து அதை மகிழ்விக்க வேண்டியதில்லை. மணம் இருந்தால் போதும்.

மணம் என்பது என்ன? ஒரு பொருளின் பரப்பிலிருந்து ஆவியாகிப் பிரியும் மூலக்கூறுகளே. ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதை அரை செ.மீ. பக்கமுள்ள 8 துண்டுகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 12 சதுர செ.மீ. ஆகிறது. பொருள் அதே அளவுதான். மணம் வீசும் பரப்பு இரு மடங்கு. பரிசுகளின் எண்ணிக்கை எட்டு மடங்கு! சற்று வெதுவெதுப்பாக இருந்தால் ஆவியாதல் கூடும், மணமும் கூடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த துண்டுகளைச் சற்று நேரம் உள்ளங்கையில் மூடி வைத்திருங்கள். உங்கள் உடல் வெப்பமே அந்த வேலையைச் செய்துவிடும்.

செய்முறை

வேண்டியவை: கம்பு மாவு 100 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், முட்டை ஒன்று. உப்பு, சர்க்கரை, மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். கம்பு கிடைக்காவிட்டால் கேழ்வரகு மாவு.

மூன்றையும் கட்டியில்லாமல் கலந்தால் இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வரும். எண்ணெய் தடவிய தட்டில் அரை செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். இட்லிப் பானையில் வைத்து 20 நிமிடம் வேகவிடுங்கள். அடுப்பு வேலையின்போது வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஆறியபின் மைசூர்பாகுக்குக் கோடு போடுவதுபோல் குறுக்கும் நெடுக்கும் அரை செ.மீ. இடைவெளியில் கத்தியால் கீறுங்கள். துண்டுகள் கையில் ஒட்டினால், தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் இளந்தீயில் சற்றுப் புரட்டி எடுங்கள்.

மொத்த எடை சுமார் 250 கிராம் வரும். மொத்த ஆற்றல் சுமார் 450 கிலோ கலோரி. அரை செ.மீ. கனசதுரத்தின் பருமன் ஒரு கன செ.மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே ஏறக்குறைய 2000 துண்டுகள்! ஒரு துண்டில் கால் கிலோ கலோரிக்கும் குறைவு. ஐம்பது துண்டு கொடுத்தாலும், ஒரே ஒரு பிஸ்கட்டில் உள்ளதைவிடக் குறைவுதான். பெரிய நாயானால் கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

துண்டு மென்மையாக இருப்பது நல்லது. கடினமானதைக் கடித்து மென்றுகொண்டிருந்தால், எதற்காகப் பரிசு கிடைத்தது என்பதே நாய்க்கு மறந்துவிடும். ஈரமுள்ள உணவில் பூஞ்சையும் பாக்டீரியாவும் விரைவில் வளரும். ஆகவே வெளியே வைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். நாற்றமோ நூலோ கண்டால் குப்பையில் போடுங்கள்; "நாய்தானே" என்று கொடுத்துவிடாதீர்கள்.

அசைவம் உண்ணும் வீடானால், உப்பில்லாமல் வேகவைத்த கோழி இறைச்சியோ, முள் நீக்கிய மீனோ ஒரு தேக்கரண்டி மசித்துச் சேருங்கள், மணம் கூடும். கருவாட்டில் உப்பு மிகுதி, அது வேண்டாம். முட்டையும் ஆகாத வீடானால், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ கேரட்டையோ சிறு துண்டுகளாக வெட்டினாலே போதும்.

"நாய் இறைச்சி உண்ணும் விலங்காயிற்றே, கம்பும் கிழங்கும் செரிக்குமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் இதற்கு விடை கண்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் 'அமிலேஸ்' நொதியை உண்டாக்கும் ஒரு மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே உள்ளது. நாயிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை உள்ளது. மனிதன் வேளாண்மை செய்து தானியம் உண்ணத் தொடங்கியபின், அவன் வாசலில் வாழ்ந்த நாயின் உடலும் அதற்கேற்ப மாறிவிட்டது. நன்றாக வெந்த மாவை அது செரிக்கும்.

'வீட்டில் செய்தது' என்றாலே நல்லதா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்ததெல்லாம் நல்லது என்று நினைப்பது கடையில் வாங்கியதெல்லாம் கெட்டது என்று நினைப்பதைப்போலவே தவறு. நாயை நோயில் தள்ளக்கூடிய பொருள்கள் நம் சமையலறையிலேயே பல உள்ளன.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்தத் தன்மை போவதில்லை. ஆகவே குழம்பு பிசைந்த சோறு வேண்டாம்.

சாக்லேட்டில் 'தியோபுரோமின்' என்னும் பொருள் உண்டு. அதன் அளவு பாதியாகக் குறைய நம் உடலில் 6 முதல் 10 மணி நேரம் ஆகும். நாயின் உடலில் சுமார் 17 மணி நேரம் ஆகும். நச்சு உள்ளே தேங்கி இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும்.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பல ஆண்டுகளாக இதன் காரணம் புலப்படாமல் இருந்தது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021-இல் சுட்டிக்காட்டினார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அதே கேடு நேர்ந்ததை 2022-இல் வெளியான கட்டுரை காட்டியது. புளியிலும் அந்த அமிலம் மிகுதியாக இருக்கிறது. ஆகவே பாயசத்துத் திராட்சையும் வேண்டாம், புளியும் வேண்டாம்.

சர்க்கரைக்கு மாற்றாகச் சில மிட்டாய்களிலும் 'சூயிங்கம்'களிலும் சேர்க்கும் 'சைலிட்டால்' நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்திவிடும். வேகவைத்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். இவற்றுள் எதையேனும் நாய் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வீட்டில் செய்வதன் நன்மை, உள்ளே என்னென்ன போட்டோம், எவ்வளவு போட்டோம் என்பது நமக்குத் தெரியும் என்பதே. அந்த அறிவைப் பயன்படுத்தாவிட்டால் வீட்டில் செய்தும் பயனில்லை.

கொடுக்கும் முறை

அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் 1951-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று பொதுமக்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். பரிசு உடனடியாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய செய்தி. தூரத்திலிருக்கும் நாயின் வாயில் அந்தக் கணமே உணவை வைக்க முடியாது. ஆகவே 'டிக்' என்று ஒலிக்கும் ஒரு சிறு பொம்மையைப் பயன்படுத்தச் சொன்னார். முதலில் ஒலியையும் உணவையும் இணைத்துப் பழக்கிவிட்டால், பிறகு ஒலியே "நீ செய்தது சரி, பரிசு வருகிறது" என்று அறிவித்துவிடும். நமக்குப் பொம்மை வேண்டாம், 'சரி!' என்று ஒரே மாதிரி சொன்னால் போதும்.

நாய்க்குப் பசி எடுக்கும் வேளையில், வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். இரண்டடி தூரத்தில் நின்று பெயரைச் சொல்லி 'வா' என்று ஒருமுறை கூப்பிடுங்கள். உங்களை நோக்கி அது திரும்பிய கணத்தில் 'சரி!' என்று சொல்லி, வந்தவுடன் ஒரு துண்டைக் கொடுங்கள். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. நன்றாக வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள்: அடுத்த அறை, பின்பு முற்றம், பின்பு நீண்ட கயிறு கட்டிய நிலையில் தெரு. பழகியபின் ஒவ்வொரு முறையும் துண்டு தர வேண்டியதில்லை. சிலமுறை துண்டு, சிலமுறை தட்டிக்கொடுத்தல் என்று மாற்றுங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் செயல் எளிதில் மறைவதில்லை.

ஒரு விதியை மட்டும் எந்நாளும் மீறாதீர்கள். கூப்பிட்டு வரவழைத்துத் தண்டிக்காதீர்கள். குளிப்பாட்டவோ, கட்டிப்போடவோ, மருந்து கொடுக்கவோ வேண்டுமானால், நீங்கள் நடந்துபோய் நாயைப் பிடித்து வாருங்கள். 'வா' என்ற சொல்லுக்குப் பின்னால் கெட்டது எதுவும் நிகழக்கூடாது. அந்தச் சொல் ஒருநாள் அதன் உயிரைக் காக்க வேண்டியிருக்கும்.

எந்தத் துண்டு அதற்குப் பிடிக்கிறது என்பதை நீங்களே சோதித்து அறியலாம். மீன் கலந்தது ஒரு கையில், கலக்காதது மறு கையில். இரண்டையும் மூடி நீட்டுங்கள். எந்தக் கையை முதலில் முகர்ந்து தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 முறை செய்யுங்கள். இடமும் வலமும் மாற்றி மாற்றி வைப்பது முக்கியம். சில நாய்கள் எப்போதும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும். 20-க்கு 11 முறை மீனைத் தொட்டால் அதை விருப்பம் என்று சொல்லிவிடாதீர்கள். நாணயத்தைச் சுண்டினாலும் அப்படி விழும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கலாம். வெறும் நாணயம் 20-க்கு 15 முறையோ அதற்கு மேலோ தலை விழுவது 100 தடவையில் 2 தடவைதான் நிகழும்.

இவையெல்லாம் நீங்கள் வளர்க்கும், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாய்க்கு. அறியாத தெருநாயிடம் கையை நீட்டிப் பயிற்சி செய்யாதீர்கள். எந்த நாயாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வீட்டில் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சில மறுப்புகள்

"தின்னக் கொடுத்துப் பழக்குவது லஞ்சம் அல்லவா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். வேலைக்கு முன்னால் காட்டி ஆசைகாட்டுவது லஞ்சம். வேலை முடிந்தபின் கொடுப்பது கூலி. ஆகவே துண்டைக் காட்டிக் கூப்பிடாதீர்கள். சட்டைப்பையில் இருக்கட்டும், வந்தபின் வெளியே வரட்டும். காட்டிக் கூப்பிட்டே பழக்கினால், கை வெறுமையாக இருக்கும் நாளில் நாய் வராது. நண்பரின் ஐயத்தில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

"மனிதருக்கே உணவு போதாத நாட்டில் நாய்க்குப் பலகாரமா?" என்பது இன்னொரு கேள்வி. இதை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் மாவும் ஒரு முட்டையும் ஒரு மாதப் பயிற்சிக்கு மேல் வரும் அளவுக்குத் துண்டு தருகின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து வைக்க முடியாது என்பதால், சிறு அளவில் அவ்வப்போது செய்துகொள்ளலாம். அந்த ஆற்றலை அதன் வழக்கமான சோற்றில் குறைத்துக்கொண்டால் கூடுதல் செலவு ஏதுமில்லை. பிஸ்கட் பொட்டலம் வாங்குவதுதான் செலவு.

"எங்கள் தாத்தா கம்பாலேயே பழக்கினார்; நாய் அடங்கித்தானே இருந்தது?" என்பது மூன்றாவது. அடங்கியிருந்திருக்கும். அடங்கிய நாயும் பழகிய நாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். கட்டு அவிழ்ந்து, கம்பு எட்டாத தூரத்தில் நிற்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ஒன்று தப்பியோடும், மற்றொன்று திரும்பி வரும்.

டைகரின் எசமானன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவன் வீட்டில் வேறொரு நாய் வளர்கிறது. மாலையில் அவன் தெருமுனையில் நின்று ஒருமுறை கூப்பிட்டால், அது எங்கிருந்தாலும் காதை நிமிர்த்திக்கொண்டு அவனை நோக்கிப் பறந்து வரும். அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு டப்பா இருக்கிறது. அதில் இருப்பது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விடுமுறையில் நீங்களும் ஒரு டப்பாவை நிரப்புங்கள். ஒரு குறிப்பேட்டில் நாள், தூரம், கூப்பிட்ட முறை, வந்த முறை ஆகியவற்றை எழுதி வாருங்கள். பதினைந்து நாள் கழித்து ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். கோடு மேலே போகாவிட்டால் நாயைக் குறை சொல்லாதீர்கள். பரிசு எந்த வினாடியில் கிடைத்தது என்பதைச் சரிபாருங்கள். பிழை பெரும்பாலும் நம் பக்கத்தில்தான் இருக்கும்.